பல்லாரின்னு போடு: பெரிய நிறுவனம் ஆளும் சந்தையில் புதிய மென்பொருளை விற்பது எப்படி?

பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஒரு கமிஷன் கடை அண்ணாச்சியிடம் எங்கள் கணக்கு மென்பொருளை முதன்முதலாகக் காட்டியபோது அவர் விலையைக் கேட்கவில்லை. என்னென்ன செய்யும் என்றும் கேட்கவில்லை. முழுதாகப் பார்த்து முடித்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. நாளைக்கு நீ துபாய்க்குப் போயிட்டேன்னா நான் யார்கிட்ட போய் நிக்கதுக்கு?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. மடிக்கணினியில் நாற்பது பக்க விளக்கப்படம் இருந்தது. அதில் எந்தப் பக்கத்திலும் அந்தக் கேள்வி இல்லை.

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் புதிதாக ஒரு தொழில்நுட்பத்தைச் செய்து விற்கக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும், ஏற்கெனவே ஒரு பெரிய ஆள் உட்கார்ந்திருக்கிற துறையில் நுழைகிறவர்களுக்காக. என் துறையில் அந்தப் பெரிய ஆள் டேலி என்ற கணக்கு மென்பொருள். உங்கள் துறையில் வேறு யாராவது இருப்பார்கள். நீங்கள் விற்பது தோட்டத்து மோட்டாருக்கான கருவியாக இருந்தாலும், பள்ளிக்கூடத்துக்கான செயலியாக இருந்தாலும், அண்ணாச்சியின் கேள்வி அதேதான். கீழே வருகிற படிகள் எல்லாம் அந்த ஒரு கேள்விக்குப் பதில் சேர்க்கிற வேலை.

படி 1: முதல் மாதம் எதையும் விற்காதீர்கள்

எதிராளியின் பொருளை நீங்களே உட்கார்ந்து ஒரு மாதம் பயன்படுத்துங்கள். குறை கண்டுபிடிக்க அல்ல, அது ஏன் பெரிய ஆளாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள. திட்டிக்கொண்டே ஆரம்பித்து உருப்பட்டவர்களை நான் பார்த்ததில்லை.

டேலியின் கதையையே எடுத்துக்கொள்வோம். 1986-இல் பெங்களூரில் தொடங்கியது. ஷ்யாம் சுந்தர் கோயங்கா நெசவாலைகளுக்குச் சரக்கும் இயந்திரப் பாகங்களும் கொடுத்துவந்த வியாபாரி. தன் கணக்குக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமல், கணிதம் படித்த மகன் பரத் கோயங்காவிடம் ஒன்று எழுதித் தரச் சொன்னார். ஆக, இன்று மலை மாதிரி நிற்பதும் ஒரு வியாபாரியின் தலைவலிக்கு எழுதிய மருந்துதான். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபோது, கையால் பில் போட்டுக்கொண்டிருந்த கடைகளும் கணினிப் பக்கம் நகர வேண்டியதாயிற்று. அவர்களுக்குக் கையருகில் இருந்தது அது.

ஆனால் உண்மையான பலம் மென்பொருளுக்குள் இல்லை, அதைச் சுற்றி இருக்கிறது. எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல், எஃப்5 கொடுத்த பணம், எஃப்6 வந்த பணம் என்று கணக்கு எழுதுகிறவர்களின் விரல் பழகிவிட்டது. அவர்கள் திரையைப் பார்ப்பதுகூட இல்லை. அதைச் சொல்லிக்கொடுக்கிற பயிற்சி மையங்கள் இருக்கின்றன. "டேலி தெரிந்தவர் தேவை" என்றுதான் வேலை விளம்பரமே வருகிறது. ஆடிட்டர் அலுவலகத்தில் அதுதான் ஓடுகிறது. கணினி பழுது பார்க்க வருகிற பையனுக்கும் அது தெரியும். நீங்கள் விற்கப்போவது ஒரு மென்பொருளுக்கு எதிராக இல்லை, இத்தனை பேரின் பழக்கத்துக்கு எதிராக.

ஒரு தாளில் இவர்களை வரைந்து வையுங்கள்: முதலாளி, கணக்கு எழுதுகிறவர், ஆடிட்டர், பழுது பார்ப்பவர், முதலாளியின் மகன். இந்த மகன் விஷயத்தில் எச்சரிக்கை. பொறியியல் படித்திருப்பார், உங்கள் பொருளைப் பார்த்ததும் துள்ளுவார், "அப்பாகிட்ட நான் பேசுதேன்" என்பார். கல்லாவில் அவருக்கு அதிகாரம் கிடையாது. இரண்டு மாதம் ஒரு மகனை நம்பிச் சுற்றியிருக்கிறேன்.

படி 2: அவர்களுடைய பலம் சும்மா கிடக்கிற இடத்தைத் தேடுங்கள்

பெரிய ஆளின் பலவீனத்தைத் தேடு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பலவீனத்தை அவர்கள் அடுத்த பதிப்பில் சரிசெய்துவிடுவார்கள். அவர்களுடைய பெரிய பலமே தேவைப்படாத இடம் என்று ஒன்று இருக்கும். அங்கே போங்கள்.

நாங்கள் முதலில் திருநெல்வேலி டவுனில் ஒரு ஜவுளிக் கடை, வண்ணார்பேட்டையில் ஒரு ஹார்டுவேர் கடை என்று அலைந்தோம். எல்லாமே ஜிஎஸ்டியில் ஊறிய வியாபாரம். டேலி அங்கே வேர் பிடித்து நிற்கிறது. மூன்று மாதம் வீண்.

அப்புறம்தான் காய்கறி கமிஷன் கடை கண்ணில் பட்டது. பதப்படுத்தாத காய்கறிக்கு ஜிஎஸ்டி இல்லை. விவசாயப் பொருளை விற்றுக்கொடுக்கும் கமிஷன் ஏஜெண்டின் சேவைக்கும் விலக்கு உண்டு. ஆக, பெரிய மென்பொருளின் முக்கியமான பலம் அங்கே தூங்குகிறது. கடைக்காரருக்கு வேண்டியது வேறு. சரக்கு இறங்குகிறது, எடை போடுகிறார்கள், சாக்குக்குக் கழிவு, ஏலம், அதில் கமிஷன், சுமைக்கூலி, வாடகை வேன், ஏற்கெனவே வாங்கிய முன்பணத்தில் பிடித்தம், மீதியைக் கையில் கொடுக்க வேண்டும். விவசாயி அடுத்த பஸ்ஸைப் பிடிக்க நிற்கிறார். அந்தப் பக்கம் சரக்கு எடுத்த சில்லறை வியாபாரி, "எழுதிக்கோங்க அண்ணாச்சி, சாயந்தரம் தாரேன்" என்று கிளம்பிவிட்டார். இத்தனையும் ஒரு கார்பன் தாள் நோட்டில், ஒருவர் கையெழுத்தில் நடக்கிறது.

எங்கள் பொருள் செய்தது ஒன்றே ஒன்று: எடை போட்டவுடன் விவசாயிக்குத் தமிழில் சீட்டு, கடைக்காரருக்கு யாரிடம் எவ்வளவு பாக்கி என்ற பட்டியல். அவ்வளவுதான். இருப்புநிலைக் குறிப்பு, லாபநட்டக் கணக்கு எதையும் தொடவில்லை.

இப்படி ஒடுக்கிக்கொள்வது பயமாக இருக்கும். இந்த மண்ணிலேயே அதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தூத்துக்குடியில் தொடங்கியபோது எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. அதன் கப்பல்கள் எத்தனையோ துறைமுகங்களுக்குப் போய்வந்தன. வ.உ.சி. எல்லாத் தடத்திலும் கப்பல் விடப் போகவில்லை. தூத்துக்குடி–கொழும்பு என்ற ஒரு தடத்தை எடுத்துக்கொண்டார், தனக்குத் தெரிந்த வியாபாரிகள் ஏறுகிற தடம்.

இன்னொன்று, பேச்சு. எங்கள் பொருட்பட்டியலில் "பெரிய வெங்காயம்" என்று போட்டிருந்தோம். அண்ணாச்சி சிரித்துவிட்டார். "எங்க ஊருல யாரு தம்பி அப்படிச் சொல்லுதா? பல்லாரின்னு போடு." கொத்தவரங்காய் சீனியவரைக்காய் ஆயிற்று, வெண்பூசணி தடியங்காய் ஆயிற்று, சின்ன வெங்காயம் உள்ளி ஆயிற்று. இரண்டு மணி நேர வேலை. ஆனால் அதற்குப் பிறகுதான் அவர் அதை "உங்க மிஷினு" என்று சொல்வதை விட்டு "நம்ம மிஷினு" என்றார். பெங்களூரிலோ சென்னையிலோ உட்கார்ந்திருக்கிறவர் இதற்காக மெனக்கெட மாட்டார். நீங்கள் மெனக்கெடலாம்.

பெயர்கள் இன்னொரு சிக்கல். ஒரே சந்தையில் ஆறு சுடலைமுத்து வருவார்கள். செல்பேசி எண்ணை வைத்துப் பிரிக்கலாம் என்று நினைத்தோம், அதில் பாதிப் பேருக்கு மகன் எண்தான், அதுவும் அடிக்கடி மாறும். ஊரும் அப்பா பெயரும் போட்ட பிறகுதான் சரியானது. இதையெல்லாம் அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. சரக்கு இறங்குகிற நேரத்தில் ஒரு நோட்டோடு போய், ஒரு வாரம் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக உட்காருங்கள்.

படி 3: முதல் மூன்று கடைகள்

சந்தையிலேயே பெரிய கடையைப் பிடித்தால் மற்றவர்கள் தானாக வருவார்கள் என்று நினைப்போம். எனக்கு அப்படி நடக்கவில்லை. பெரிய கடை எதைச் செய்தாலும் "அவாளுக்குக் கட்டும்" என்று சொல்லி விடுவார்கள். நடுத்தரக் கடையாக, முதலாளியே கல்லாவில் உட்காருகிற கடையாகப் பாருங்கள்.

விளக்கப்படத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். "நேத்தைய சீட்டுக்கட்டை மட்டும் ஒரு ராத்திரிக்குக் கொடுங்க அண்ணாச்சி" என்று கேளுங்கள். அதை நீங்களே உட்கார்ந்து ஏற்றி, மறுநாள் அவருடைய விவசாயிகளின் பெயர், அவருடைய சரக்கு, அவருடைய தொகையோடு அச்செடுத்துக் காட்டுங்கள். தன் கணக்கைத் திரையில் பார்க்கும்போது வருகிற கவனம், மாதிரிக் கணக்கைப் பார்க்கும்போது வராது.

நோட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள். பதினைந்து நாள் நோட்டும் ஓடட்டும், மென்பொருளும் ஓடட்டும். இரட்டை வேலைதான், அதில் பாதியை நீங்கள் போய்ச் செய்யுங்கள். ஒரு நாள் அவரே நோட்டைத் திறக்க மறந்திருப்பார். அன்றைக்குத்தான் விற்பனை முடிந்தது. அதற்கு முன் அவர் சொல்கிற "பாப்போம்", "யோசிச்சு சொல்லுதேன்" இரண்டுக்கும் நம் ஊரில் என்ன பொருள் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பதில் வந்தால் விடைபெற்றுக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், வியாபாரம் பேசாதீர்கள்.

சாமான் விஷயத்தில் ஒரு பாடம். அழகாக இருக்கிறதே என்று 58 மில்லிமீட்டர் தெர்மல் பிரிண்டர் வாங்கினோம். சீட்டு சட்டென்று வரும், மை தீராது. ஆனால் தெர்மல் தாளில் எழுத்து வெயிலிலும் சூட்டிலும் மங்கும். முன்பணக் கணக்குக்காக ஒரு விவசாயி சில மாதம் பையில் வைத்திருந்த சீட்டை எடுத்து நீட்டினார், வெறும் வெள்ளைத் தாள். நல்லவேளை, கணினியில் இருந்தது. சந்தையில் இன்னும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது: கார்பன் படி கிடைக்கும், எழுத்து அழியாது. நான் பழசு என்று சிரித்ததை இப்போது நாங்களே போட்டுக்கொடுக்கிறோம். இணையம் இல்லாமலும் ஓட வேண்டும், மின்சாரம் போனாலும் அரை மணி நேரமாவது தாங்க வேண்டும். இவை இரண்டும் இல்லாமல் சந்தைக்குள் போகவே போகாதீர்கள்.

படி 4: கணக்கு எழுதுகிறவரையும் ஆடிட்டரையும் தாண்டிப் போகாதீர்கள்

இந்தப் படியில்தான் நான் பலமாக அடி வாங்கினேன்.

ஒரு கடையில் மேலே சொன்னபடி சீட்டுக்கட்டை வாங்கிப் போய் ஏற்றினேன். இரண்டு சீட்டில் சுமைக்கூலி கழிக்காமல் விட்டிருந்தது தெரிந்தது. மறுநாள் பெருமையாக முதலாளி முன்னால் சொன்னேன், "பாத்தீங்களா அண்ணாச்சி, எங்க மென்பொருள் கண்டுபிடிச்சிருச்சு." பக்கத்தில் அந்தக் கணக்கை எழுதிய பெரியவர் உட்கார்ந்திருந்தார். இருபது வருசமாக அந்தக் கடையில் இருக்கிறவர். ஒன்றும் பேசவில்லை. அடுத்த பத்து நாளில் எங்கள் மென்பொருளில் ஒரு தொகையும் சரியாக வரவில்லை. எடை மாறிப் பதிவானது, பெயர் மாறிப் பதிவானது, பிரிண்டர் கம்பி கழன்று கிடந்தது. பதினோராவது நாள் முதலாளி, "இது நமக்குச் சரிப்படாது தம்பி" என்றார். பெரியவரைக் குறைசொல்ல மாட்டேன். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இப்போதெல்லாம் தவறு தெரிந்தால் கணக்கு எழுதுகிறவரிடம் தனியாகச் சொல்கிறேன், முதலாளியிடம் அவரே சொல்லிக்கொள்ளட்டும். முதல் பயிற்சி அவருக்குத்தான். அவர் விரல் பழகிய சாவிகளையே, எஃப்8-ஐயும் எஃப்9-ஐயும், எங்கள் மென்பொருளிலும் வைத்துவிட்டோம். புதுமை என்று சொல்லி இருக்கிற பழக்கத்தை உடைப்பதில் லாபம் ஒன்றும் இல்லை.

அடுத்தது ஆடிட்டர். வரி இல்லாத வியாபாரம்தானே, ஆடிட்டர் எதற்கு என்று நினைக்கக் கூடாது. வருமான வரி இருக்கிறது. கமிஷன், தரகு வருமானம் உள்ளவர்களுக்கு, கணக்குப் புத்தகம் இல்லாமல் உத்தேச லாபத்தைக் காட்டுகிற சலுகை கிடையாது. அதனால் வருசக் கடைசியில் எல்லாம் ஆடிட்டர் மேசைக்குத்தான் போகும். அவர் அலுவலகத்தில் டேலி. அங்கே போய் "எங்களுடையதுக்கு மாறுங்கள்" என்று சொன்னால் அன்றோடு கதை முடிந்தது. நாங்கள் மாதக் கணக்கை எக்ஸ்எம்எல் கோப்பாக எடுத்து, டேலியில் அப்படியே இறக்கிக்கொள்கிற மாதிரி செய்தோம். ஆடிட்டருக்கு எதுவும் மாறவில்லை. மாறியது ஒன்றுதான்: நோட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்கிற வேலை அவர் அலுவலகத்தில் குறைந்தது. பாளையங்கோட்டையில் ஒரு ஆடிட்டர் இதைப் பார்த்துவிட்டு அவரே நான்கு கடைக்குத் தொலைபேசி போட்டார். நாங்கள் ஒரு வருசம் அலைந்து பிடித்ததைவிட அது அதிகம்.

அவரைப் பார்க்கப் போகிற நாளையும் பார்த்துப் போங்கள். ஜிஎஸ்டி மாதத் தாக்கலுக்கு 11-ஆம் தேதி ஒன்று, 20-ஆம் தேதி ஒன்று. அந்த இரண்டுக்கும் நடுவில் ஆடிட்டர் அலுவலகத்தில் யாரும் தலை நிமிர மாட்டார்கள். செப்டம்பர், அக்டோபர் தணிக்கைக் காலம், கிட்டேயே போகக்கூடாது. 21-ஆம் தேதிக்கு மேல், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு.

படி 5: விலை

குறைத்து விற்றுப் பெரிய ஆளைச் சாய்க்கலாம் என்று யாராவது சொன்னால் மறுபடியும் வ.உ.சி. கதையைச் சொல்லுங்கள். பிரிட்டிஷ் கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கப்பல் எட்டணாவுக்கு இறங்கியது. அந்தக் கம்பெனி அதற்கும் மேலே போய், இலவசப் பயணம், கூடவே ஒரு குடை என்றது. 1908-இல் வ.உ.சி.யைச் சிறையில் அடைத்தது சுதேசிக் கம்பெனிக்குப் பேரிடி, 1911-இல் அது கலைக்கப்பட்டது. கட்டணம் ஒன்றால் மட்டும் அது விழவில்லை. ஆனால் நட்டத்தில் ஓட்டுகிற போட்டியில் எந்தப் பக்கம் நீண்ட நாள் தாங்கும் என்பது குடை கொடுத்த அன்றே தெரிந்துவிட்டது.

அதே கதையில் எடுத்துக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. பத்து லட்ச ரூபாய் மூலதனம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். கப்பலில் சரக்கு ஏற்றுகிற வியாபாரியே பங்குதாரராகவும் ஆகலாம். நாங்கள் பங்கு விற்கவில்லை. ஆனால் முதல் கடைகளுக்கு, அவர்கள் கேட்டுச் சேர்த்த வசதியில் அவர்கள் கடைப் பெயரையே வைத்தோம். இன்னும் அப்படியே இருக்கிறது.

இலவசமாகக் கொடுக்காதீர்கள். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்க மாட்டார்கள், அதனால் குறை இருந்தாலும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். சத்தமில்லாமல் நிறுத்திவிடுவார்கள். சின்னத் தொகையாக இருந்தாலும் மாதாமாதம் வாங்குங்கள், நேரில் போய் வாங்குங்கள். பணம் கொடுக்கிற அன்றைக்குத்தான் திட்டு முழுசாகக் கிடைக்கும்.

படி 6: துபாய்க் கேள்விக்கு எழுத்தில் பதில்

"ஸோஹோ மாதிரியா நீங்க?" என்று சிலர் கேட்பார்கள். அந்த மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் உள்ள மத்தளம்பாறை பக்கத்தில் இருப்பதால் வருகிற கேள்வி. இல்லை என்று சொல்லிவிடுங்கள். 1996-இல் தொடங்கி வளர்ந்த நிறுவனத்தின் நிழலில் நாம் நிற்க முடியாது. ஆனால் கிராமத்துப் பக்கம் இருந்தும் மென்பொருள் செய்யலாம் என்பதை இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டிய அவசியம் அவர்களால் இல்லாமல் போய்விட்டது. அந்த உதவியை எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் பதில் ஒரு பக்கத் தாளாக இருக்கட்டும், தமிழில். நாங்கள் கொடுக்கிற தாளில் மூன்று விஷயம் இருக்கிறது. மாதம் முடிந்ததும் கடையின் முழுக் கணக்கும் ஒரு பென்டிரைவில், எக்செல்லில் திறக்கிற மாதிரி, கடைக்காரர் கையில் கொடுக்கப்படும். நாங்கள் தொழிலை நிறுத்தினாலும் கடையில் உள்ள மென்பொருள் பூட்டிக்கொள்ளாது. என் எண் எடுக்கவில்லை என்றால் கூப்பிட இன்னொருவர் எண். கீழே கையெழுத்து. "போகிற வழியைக் காட்டினால் போய்விட மாட்டார்களா?" என்று என் பங்காளி பயந்தான். இதுவரை அந்த வழியாக யாரும் போகவில்லை.

உங்கள் அடித்தளம் அடுத்தவர் கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சுதேசிக் கம்பெனி முதலில் ஓட்டியது குத்தகைக் கப்பல். பிரிட்டிஷ் கம்பெனி கொடுத்த நெருக்கடியில் குத்தகை கொடுத்தவர் கப்பலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதன் பிறகுதான் காலியா, லாவோ என்ற சொந்தக் கப்பல்கள் வந்தன. உங்கள் பொருள் முழுக்க வேறொரு பெரிய நிறுவனத்தின் சேவை மேல் உட்கார்ந்திருந்தால், அது ஒரு நாள் நின்றால் கடையில் எது ஓடும், எது நிற்கும் என்று இப்போதே ஒரு பட்டியல் போடுங்கள். எங்கள் பட்டியலில் வாட்ஸப்பில் சீட்டு அனுப்புவது ஒன்றுதான் நிற்கும், அச்சுச் சீட்டு ஓடும்.

படி 7: சொல் பரவுவது

பேனர், துண்டறிக்கை எல்லாம் எங்களுக்கு வேலைக்கு ஆகவில்லை. சந்தையில் செய்தி போகிற வழி டீக்கடை, அப்புறம் சுமை தூக்குகிறவர்கள். "அந்தக் கடையில் சீட்டு உடனே கொடுக்கான்" என்று விவசாயி வாயால் வந்தால் பக்கத்துக் கடைக்காரர் தானாக விசாரிப்பார். அதனால் சீட்டின் அடியில் எங்கள் பெயரையும் எண்ணையும் சின்னதாக அச்சிட்டோம். விளம்பரச் செலவு அவ்வளவுதான். போட்டியாளரைப் பற்றி யார் எவ்வளவு தூண்டினாலும் ஒரு வார்த்தை தாழ்த்திப் பேசாதீர்கள், அது மாலைக்குள் எல்லாக் கடைக்கும் போய்விடும்.

புதிதாக ஆரம்பிக்க ஏப்ரல் 1 வசதி, கணக்கும் புதிது. ஆயுத பூசையை ஒட்டியும் சிலர் நல்ல நாள் பார்த்துத் தொடங்குவார்கள். தீபாவளி, பொங்கலுக்கு முந்தின வாரங்களில் எந்தக் கடைக்கும் போகாதீர்கள். டவுன் பக்கம் என்றால் நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டம் முடியட்டும்.

பத்துக் கடை ஓட ஆரம்பித்ததும் ஒரு ஆசை வரும், இதையே அப்படியே அடுத்த ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று. நாங்கள் புளியங்குடி எலுமிச்சைச் சந்தைக்கு அப்படித்தான் போனோம், பல்லாரியும் தடியங்காயும் நிறைந்த பட்டியலோடு. முதல் கடைக்காரர் திரையைப் பார்த்துவிட்டு, "இதுல எங்க சரக்கைப் பிரிக்க இடமே இல்லையே தம்பி" என்றார். மறுநாள் மடிக்கணினியை வீட்டில் வைத்துவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு போய் ஓரமாக உட்கார்ந்தேன்.